முறுக்கு நமத்துப்போகும் ஊரில் பூவிதையைச் சேமிப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கோலாலம்பூரை ஒட்டிய செலாயாங்கில் டெரஸ் வீடு. வாசலில் வளர்ந்த செண்டுமல்லி, காசித்தும்பை, சங்குப்பூ மூன்றிலும் விதை எடுத்து, இரண்டு நாள் வெயிலில் வைத்து, ஜிப்லாக் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறீர்கள். தீபாவளிக்குப் பூ வேண்டும் என்று ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், செண்டுமல்லியில் பாதி பூசணம் பிடித்திருக்கிறது. காசித்தும்பையில் ஒன்றிரண்டுதான் முளைத்தன. சங்குப்பூ விதை மண்ணில் கல் மாதிரி அப்படியே கிடக்கிறது. முளைத்த செண்டுமல்லியும் தாய்ச்செடி போலக் குண்டாகப் பூக்கவில்லை. "இந்த ஊர் வெயிலுக்கு விதை தாங்காதோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரிலிருந்து அக்கா விதை அனுப்பினால் தேவலையா என்றும் ஒரு வரி.

இது ஒரு சிக்கல் இல்லை, நான்கு. பூசணத்துக்குக் காரணம் ஈரம். காசித்தும்பைக்குப் பெரும்பாலும் பறித்த நேரம். சங்குப்பூ விதை சாகவே இல்லை. செண்டுமல்லி மாறியதற்குச் சேமிப்பு முறையோடு சம்பந்தமே கிடையாது. நான்கிலும் வெயில்மேல் பழி போட ஒன்றுமில்லை.

முதலில் ஈரம். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். இரவில் 90-ஐத் தாண்டும். சமையலறையில் இதைத் தினமும் பார்க்கிறோம். திறந்து வைத்த முறுக்கு மாலைக்குள் நமத்துப்போகிறது, உப்பு ஜாடியில் உப்பு கசிகிறது. உப்பு கசிய ஆரம்பிப்பது சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில். ஜாடியில் உப்பு கட்டிதட்டியிருந்தால் அந்த அறையில் திறந்து வைத்த விதையும் நமத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். விதை வெளியே காய்ந்த சருகு மாதிரி தெரிந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மத்தியானம் முழுக்க வெயிலில் காய்ந்த விதையை அன்று இரவு கார் போர்ச்சிலேயே விட்டுவிட்டால், விடிவதற்குள் இழந்ததில் பெரும்பங்கைத் திரும்பக் குடித்துவிடும். நீங்கள் வைத்த இரண்டு நாளும் இப்படித்தான் கழிந்திருக்க வேண்டும்.

விதைச் சேமிப்பில் ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் சொன்ன ஒரு குத்துமதிப்பு விதி உண்டு. விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வைக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். 14 சதவீத ஈரத்திலிருந்து 8-க்கு இறக்கினால் ஆறு தடவை இரட்டிப்பு, அதாவது 64 மடங்கு. 30 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் ஐந்து தடவை, 32 மடங்கு. காகிதக் கணக்குதான், எல்லாப் பூவுக்கும் அச்சாக அப்படியே வராது. ஆனால் எது பெரிய வேலை என்பது இதில் தெரிந்துவிடும். காயவைப்பதுதான் பெரிய வேலை. ஃப்ரிட்ஜ் அதற்கு அடுத்ததுதான். அவரே சொன்ன இன்னொரு கணக்கு: அறை வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எழுதி, ஈரப்பதச் சதவீதத்தோடு கூட்டினால் 100-க்குள் இருக்க வேண்டும். நம் வீட்டு மேசை டிராயர் 82-ம் 80-ம் சேர்ந்து 162. ஃப்ரிட்ஜ் 41, உள்ளே 35 சதவீத ஈரப்பதமுள்ள இறுக்கமான பாட்டில், மொத்தம் 76. அரைகுறையாகக் காய்ந்த விதையை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவைத்த மாதிரிதான். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் பைக்குள் வியர்க்கும், பூசணம் அங்கே தொடங்கும்.

இனி பறிப்பது. செண்டுமல்லியில் பூ வாடியதும் பறிக்கக் கூடாது. இதழ் கருகிச் சுருண்ட பிறகு, கீழே இருக்கும் பச்சைக் கிண்ணம் பழுப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். பூ விரிந்த நாளிலிருந்து நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆனால் இங்கே முழுக்கப் பழுப்பாகட்டும் என்று விட்டால் ஒரு மாலை மழை போதும். அந்தத் தலை பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து, உள்ளேயே அழுகும், சில சமயம் உள்ளேயே முளைக்கவும் செய்யும். அதனால் கிண்ணம் பாதி பழுத்து, காம்பு கழுத்துப்பக்கம் காய்ந்து சுருங்கியதும், நாலு விரல் காம்போடு வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். மீதி உள்ளே பழுக்கும். முழுத் தலையாகக் காயவைக்காதீர்கள், நடுவில் ஈரம் நிற்கும். கிண்ணத்தை விரலால் கிழித்துப் பிரித்தால் விதைகள் கற்றையாக வரும். நல்ல விதை கரிக்குச்சி போல நேராக, கருப்பாக, நகத்தால் அழுத்தினால் மடங்காமல் நிற்கும். மேல்நுனியில் வைக்கோல் நிறத்தில் சிறு வால். சாம்பல் நிறத்தில் மெலிந்து வளைவது பதர். ஒரு கொத்தில் பாதி பதராக இருப்பது சாதாரணம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அதைச் சேர்த்து விதைத்துவிட்டு முளைப்பு குறைவு என்று சொல்வதுதான் தவறு.

எந்தப் பூவானாலும் பறிக்கும் நேரம் காலை பதினொன்றுக்கு மேல், பனி உலர்ந்து மழை வருவதற்கு முன். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் கோலாலம்பூரில் மாலை மழை அநேகமாகத் தினசரி வேலை. அப்போது விதைக்குப் பூ விடுவதைவிட ஜூன், ஜூலையை ஒட்டி விடுவது நல்லது. பினாங்குக்காரர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கிடைக்கும் வறட்சி ஒரு சலுகை. வருடத்துக்கான விதையை அந்த இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம்.

காசித்தும்பையில் காத்திருப்பதே ஆபத்து. காய் முற்றியதும் தொட்டால் வெடித்து, ஐந்து கீற்றாகச் சுருண்டு விதையைச் சிதறடிக்கும். அதற்குப் பயந்து எல்லோரும் பச்சைக் காயாகவே பறித்துவிடுகிறார்கள். உங்களுடையது முளைக்காததற்கு இதுதான் முதல் சந்தேகம். மீதி விதையைக் கையில் கொட்டிப் பாருங்கள். வெளிறிய கிரீம் நிறம் என்றால் முற்றவில்லை. காபி நிறத்தில் உருண்டையாக இருந்தால் பறித்ததில் தவறில்லை, ஈரத்தில் கெட்டது. முற்றிய காயின் அடையாளம்: மயிர் படர்ந்த பச்சை வெளிறி, லேசாக மஞ்சளோடி, உள்ளே விதைப் புடைப்பு தெரியும். அந்தப் பக்குவத்தில் காயை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு மெல்ல அழுத்துங்கள்; வெடிப்பு கைக்குள்ளேயே நடக்கும். தினமும் செடியைப் பார்க்க முடியாதவர்களுக்கு, கல்யாண வீட்டில் டோர் கிஃப்ட் போட்டுத் தருகிறார்களே, அந்த ஆர்கன்ஸா வலைப்பை போதும். பச்சைக் காயிலேயே மாட்டி நாடாவை இழுத்துக் கட்டிவிடுங்கள். காற்று போகும், மழைத் தண்ணீர் நிற்காது, வெடித்த விதை பைக்குள் விழும். பிளாஸ்டிக் பை கட்டினால் உள்ளேயே வெந்துவிடும்.

சங்குப்பூ, மலாய்க்காரர்கள் சொல்லும் புங்கா தெலாங், அவரை இனம். அதன் விதை காயக் காயத் தோல் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. காய்ந்து தோல் இறுகியதால்தான் அது கல்லாகக் கிடக்கிறது. மண்ணிலிருந்து தோண்டி எடுங்கள். விதையின் ஒரு பக்கத்தில் சிறு தழும்பு தெரியும், அதுதான் நெற்றோடு ஒட்டியிருந்த இடம். அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் மேல்தோலை மட்டும் கிள்ளுங்கள், அல்லது உப்புத்தாளில் நாலைந்து தேய்ப்பு, உள்ளே வெளிர் நிறம் எட்டிப் பார்க்கும் வரை. இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் காலையில் இரு மடங்காக ஊதியிருக்கும். ஊதியதை நடுங்கள், ஊதாததை மறுபடி கிள்ளுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் முளை வரும். கொதிநீரில் போடச் சொல்வார்கள். சில விதை முளைக்கும், சில வெந்துபோகும், நகவெட்டி இருக்கும்போது அது தேவையில்லை. நெற்று எடுக்கும்போது காபி நிறமாகிச் சலசலக்கும் பக்குவம் வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் முறுக்கிக்கொண்டு பிளந்து விதையைத் தெறித்துவிடும்.

மற்றவை எளிது. வாடாமல்லியைச் செடியிலேயே நிறம் வெளுக்க விட்டு உதிர்த்தால் ஒவ்வொரு பஞ்சுத் துணுக்குக்குள்ளும் ஒரு விதை, பஞ்சோடேயே விதைக்கலாம். கோழிக்கொண்டையில் விதை மேல்கொண்டையில் இல்லை, கீழ்ப்பக்கக் கழுத்தில். வெள்ளைத் தாள்மேல் தட்டினால் பளபளக்கும் கருப்பு மணி கொட்டும். அந்திமந்தாரை விதை தானாக விழும், மிளகு போலப் பொறுக்கிக்கொள்ளலாம், ஆனால் அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. நித்தியகல்யாணியின் இரட்டைக் காய் மஞ்சளோடியதும் கிள்ளிக் காகித உறையில் போடுங்கள், உறைக்குள் வெடிக்கட்டும். பாலைவன ரோஜாவின் கொம்புக் காயை நூலால் சுற்றிக் கட்டாவிட்டால் பஞ்சு முளைத்த விதை பக்கத்துத் தாமானுக்குப் பறந்துவிடும். அந்த விதையைச் சேமிக்க நினைக்க வேண்டாம், உடனே போட்டுவிடுங்கள். செண்பகமும் அப்படியே, சிவப்புத் தோலைக் கழுவி அன்றே விதைக்க வேண்டும், காயவைத்தால் வீண். மல்லிகை, செம்பருத்தி, காகிதப்பூ மூன்றும் வீட்டுச் செடியில் விதை கட்டுவது அபூர்வம், குச்சிதான் வழி.

காயவைக்கும் முறைக்கு வருவோம். தகர ஷீட், கார் பானட், சிமெண்ட் தரை எதுவும் வேண்டாம். உச்சி வெயிலில் அவை 50 டிகிரியைத் தாண்டும். ஈரம் நிறைந்த விதைக்கு அந்தச் சூடு கேடு. நாளிதழ்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, நிழலில், ஃபேன் காற்றில் மூன்று நான்கு நாள். இரவில் ஏர்கோன் ஓடும் படுக்கையறை இருந்தால் அதுதான் வீட்டிலேயே உலர்ந்த இடம். தட்டை அங்கே மாற்றிவிடுங்கள். எறும்பு வரும் என்று தட்டின் காலடியில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்தால் சோப்பு கலந்து, இரண்டு நாளுக்கு ஒரு தடவை கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு அதிலும் முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டு மலேசியச் சட்டத்தின்படி அதற்கு அபராதம் உண்டு, பூவிதை என்று சொன்னால் விட மாட்டார்கள்.

ஃபேனும் ஏர்கோனும் விதையைப் பாதி தூரம்தான் கொண்டுபோகும். மீதிக்கு சிலிக்கா ஜெல் வேண்டும். சப்பாத்துப் பெட்டியில் கிடைக்கும் சிறு பொட்டலத்தை எடுத்துப் போடுவது பலர் செய்யும் தவறு. அது நம் கைக்கு வரும்போதே வயிறு நிறையக் குடித்திருக்கும். நிறம் மாறும் மணிகளாகத் தனியே வாங்குங்கள். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகை நல்லது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் உண்டு, சமையல் பாத்திரத்தில் சேர்க்கக் கூடாது. விதை எவ்வளவு எடையோ அதே எடைக்கு மணி. பாட்டில் அடியில் மணி, மேலே காகித உறையில் விதை, இறுக்க மூடி ஏழு நாள். மணி நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். சிலிக்கா கிடைக்காவிட்டால் அரிசி. வாணலியில் சிறுதீயில் இருபது நிமிடம், சிவக்காமல் வறுத்து, சூட்டோடு பாட்டிலில் அடைத்து, ஆறிய பிறகு விதை உறையை உள்ளே வையுங்கள். அரிசியின் பலம் குறைவு; விதையைப் போல நாலைந்து மடங்கு போட்டு, ஒரு வாரத்தில் புதிதாக வறுத்து மாற்ற வேண்டும். வறுக்காத அரிசியால் பயனில்லை, அதுவே நமத்துதான் இருக்கிறது. போதுமா என்று பார்க்கச் சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றைப் பாட்டிலுக்குள் போட்டு ஒரு நாள் விடுங்கள். 30-லிருந்து 40-க்குள் காட்டினால் வேலை முடிந்தது. 60 காட்டினால் விதை இன்னும் ஈரம் விடுகிறது.

அடைக்கும் பாத்திரத்தில்தான் மிச்சக் கோளாறு. மெல்லிய ஜிப்லாக் பை மாதக்கணக்கில் ஈரத்தை உள்ளே விடும். மைலோ டின்னின் பிளாஸ்டிக் மூடி காற்றைத் தடுக்காது. மூடிக்குள் ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாம் பாட்டில் போதும். விதை தனித்தனிக் காகித உறையில், உறைமேல் பெயர், நிறம், மாதம், ஆண்டு. பாட்டிலுக்குள் இரண்டு ஸ்பூன் மணி. ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வைக்காதீர்கள், சூடு ஏறி இறங்கும் இடம் அது. உள்தட்டில் பின்பக்கம் வையுங்கள். எடுக்கும் நாளில் பாட்டிலை மூடியபடியே வெளியே வைத்து, கண்ணாடி அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, ஒரு மூன்று மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால், தெ ஐஸ் கிளாசுக்கு வெளியே வியர்ப்பது மாதிரி விதைமேல் வியர்க்கும். இப்படி வைத்த செண்டுமல்லி, ஜின்னியா, கோழிக்கொண்டை மூன்று வருடம் தாராளமாக நிற்கும். டிராயரில் உறையில் கிடந்தவை ஒரு வருடம் தாண்டினால் அதிர்ஷ்டம்.

பூ மாறியதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. நர்சரியில் தொட்டியோடு வாங்கும் குண்டுச் செண்டுமல்லி பெரும்பாலும் எஃப்1 ஒட்டு: இரண்டு தனி வரிசைகளைக் கலந்து ஒரே ஒரு தலைமுறைக்காக உண்டாக்கியது. அதன் விதையில் அடுத்த தலைமுறை பிரிந்துபோகும். உயரம், நிறம், இதழ் அடுக்கு எல்லாம் கலவையாக வரும். அல்லது பக்கத்து வீட்டு ஒற்றை அடுக்குச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்திருக்கும். எதனால் என்று ஒரே தலைமுறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைச் செடியிலிருந்து எடுத்தது என்றால் நான் முதலாவதைத்தான் சந்தேகப்படுவேன். ஆப்பிரிக்க, பிரெஞ்சு வகைகளைக் கலந்த சில ஒட்டுகள் விதையே கட்டாது. எவ்வளவு காத்திருந்தாலும் பதர்தான். கலப்பைத் தடுக்க ஒரே செடிக்கு ஆர்கன்ஸா பை போட்டு வைப்பது செண்டுமல்லிக்கும் காஸ்மோஸுக்கும் அவ்வளவு உதவாது. காஸ்மோஸ் தன் மகரந்தத்தையே ஏற்காது; ஒரே வகையில் நாலு செடியாவது வேண்டும், நீங்களே தூரிகையால் மாற்றித் தடவ வேண்டும். சங்குப்பூ பெரும்பாலும் பூ விரியும் முன்பே தன்னைத் தானே சூல்கொள்வதால் நீலத்துக்கு நீலமே வரும்.

விரும்பியபடி வரவேண்டும் என்றால் தேர்வு செய்யுங்கள். பத்துச் செடியில் நோயில்லாத, நன்றாக அடுக்கிய இரண்டைப் பார்த்து, பூ விரிந்ததுமே காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். சாமிக்குப் பூ பறிக்கும் வீடுகளில் இது மிக முக்கியம். நல்ல பூதான் முதலில் கூடைக்குப் போகும், விதைக்கு மிஞ்சுவது சோகையானது. மூன்று நான்கு தலைமுறை இப்படிப் பொறுக்கினால் உங்கள் வீட்டு வகை ஒன்று நிலைபெறும். இலையில் தேமல் விழுந்த செடியிலிருந்து எடுக்காதீர்கள், ஜின்னியாவின் இலைப்புள்ளி நோய் விதையோடு வரும்.

உறுதியாகச் சொல்ல முடியாத சங்கதிகளும் உண்டு. பாட்டிலில் வேப்பிலை போடுவது காய்ந்த இலையாக இருந்தால் கெடுதல் இல்லை, பச்சை இலை போட்டால் ஈரத்தை நாமே சேர்க்கிறோம். சங்குப்பூ விதையில் ஓட்டை போடும் வண்டுக்கு, முழுக்கக் காய்ந்த விதையை ஃப்ரீசரில் ஒரு வாரம் வைப்பதை நம்பலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வாங்கிய பூமாலையில் வாடிய செண்டுமல்லியை உதிர்த்துப் போட்டால் முளைக்குமா என்றால், சிலது முளைக்கும். முற்றுமுன் கொய்தவை என்பதால் அதை நம்பித் தீபாவளிக்குத் திட்டம் போட வேண்டாம்.

அக்கா அனுப்புவது பற்றி: இந்தியாவிலிருந்து விதை வர இறக்குமதி அனுமதியும் அங்கிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும். உறையில் மடித்து அஞ்சலில் போட்டால் பறிமுதலாகும். பெட்டியில் கொண்டுவருவதற்கும் அதே விதி.

இப்போது உங்களிடம் மிஞ்சியதற்கு: பூசணம் பிடித்ததைத் தூக்கிப் போடுங்கள், தொடாத விதையைப் பிரித்து மேலே சொன்னபடி சிலிக்காவில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு ஈர டிஷ்யூவில் இருபது விதையைச் சுருட்டி, பைக்குள் போட்டு நிழலில் வைத்து, செண்டுமல்லியை ஏழாம் நாளும் காசித்தும்பையைப் பத்தாம் நாளும் எண்ணுங்கள். பத்து விதையில் செய்தால் ஏழு முளைத்தாலும் உண்மை நிலவரம் நாலாகவோ ஒன்பதாகவோ இருக்கலாம், அதனால்தான் இருபது. இருபதில் பத்துக்கு மேல் முளைத்தால் ஒரு குழிக்கு இரண்டு விதை. ஐந்துக்குக் கீழே என்றால் புது விதை வாங்குங்கள். செண்டுமல்லி விதைத்து அறுபது, எழுபது நாளில் பூக்கும். தீபாவளித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்பது நாள் எண்ணி நாற்று விடுங்கள், மழைக்கு ஒரு வாரம் போனாலும் சமாளிக்கலாம்.